முதல் பீரியடு வேதபாடம்: தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

வேலையில் சேர்ந்த அன்றே தலைமையாசிரியர் கால அட்டவணையைக் கையில் தருவார். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் தெரிந்ததுதான். காலை முதல் பீரியடில் மட்டும் ‘வேதபாடம்’ என்றோ ‘மறைக்கல்வி / நன்னெறி’ என்றோ எழுதியிருக்கும். பைபிள் கதைகளும் நல்லொழுக்கமும் சொல்லித்தருகிற வகுப்பு அது. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் என்னென்னவோ படித்தோம், இதைப் படிக்கவில்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் சேருகிற எல்லோருக்கும் வருகிற முதல் திகைப்பு இது. எனக்கும் வந்தது. பல வருடம் இந்த வகுப்பை எடுத்த பிறகு, எது உதவியது, எங்கே தவறினேன் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம்: யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

கதைப் புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், எத்தனை பேர் கத்தோலிக்கர், எத்தனை பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எத்தனை பேர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் இந்து, முஸ்லிம் என்று தெரிய வேண்டும். பல ஊர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிட மற்றப் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிகளில் பொதுவாக வகுப்பைப் பிரித்துவிடுவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. சி.எஸ்.ஐ. பள்ளிகள் சிலவற்றில் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். உங்கள் பள்ளியில் எந்த வழக்கம், எந்தப் புத்தகம் என்று தலைமையாசிரியரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பெற்றோர் சம்மதம். இதைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். வருடத் தொடக்கத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில், ஒரே பக்கத்தில், சாதாரணத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்துவிடுங்கள். “என்ன கதை சொல்வீங்க? ஜெபத்தில கை கூப்பச் சொல்வீங்களா?” என்று அவர்கள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான அம்மாக்கள், “நல்லதத்தானே சொல்லப்போறீங்க டீச்சர்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த வார்த்தையை அவர்கள் நம்பிச் சொல்கிறார்கள். அதனால்தான் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்கிற பெற்றோரும் உண்டு. அந்தப் பிள்ளையை அந்த நேரத்தில் வராண்டாவில் நிறுத்தாதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும். வகுப்புக்குள்ளேயே ஓர் இடம், வாசிக்க ஒரு கதைப் புத்தகம், அது போதும். காலை ஜெபத்தில் வாய் திறக்காமல் நிற்கிற பிள்ளையையும் அப்படியே விட்டுவிடுங்கள். 1985-இல் கேரளத்தில் மூன்று குழந்தைகள் தங்கள் விசுவாசத்தின் காரணமாக, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக நிற்கிறார்களே, அது போதும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த நியாயம், நம் வகுப்பில் இருக்கிற முருக பக்தர் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு.

சொற்கள்: ஒரே ஜெபத்துக்கு இரண்டு தமிழ்

புதிய ஆசிரியர் தடுமாறுகிற இடம் இது. கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லச் சொன்னால், பாதி வகுப்பு “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கும், மீதி வகுப்பு “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்கும். இரண்டு வரியில் சத்தம் குழம்பி, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். “அவன் தப்பா சொல்றான் டீச்சர்” என்று புகார் வரும்.

எதுவும் தப்பில்லை என்பதை அன்றே சொல்லிவிட வேண்டும். சி.எஸ்.ஐ. வீட்டில் வேதாகமம், ஜெபம், கர்த்தர், லெந்து நாட்கள். கத்தோலிக்க வீட்டில் விவிலியம், செபம், ஆண்டவர், தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய அதே நோன்பு நாட்கள்தான்). பத்துக் கட்டளைகளின் எண்கூட மாறும். தாய் தகப்பனை மதிக்கச் சொல்கிற கட்டளை கத்தோலிக்கருக்கு நான்காவது, சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு ஐந்தாவது. வரிகள் ஒன்றுதான், பிரித்து எண்ணுகிற முறை வேறு. இது தெரியாமல் “நாலாவது கட்டளை என்ன?” என்று கேட்டு, சரியான பதில் சொன்ன பிள்ளையை நான் உட்கார வைத்திருக்கிறேன். மறுநாள் அவளிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் ஒரு வேதபாடமாகத்தான் ஆனது.

நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் சரி, பள்ளியின் சொல்லைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் வீட்டுச் சொல்லைத் திருத்தாதீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு கதை

தினம் ஒரு கதை சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கிவிடும், பிள்ளைகளுக்கும் எதுவும் நிற்காது. வாரத்துக்கு ஒரு கதை போதும். திங்கட்கிழமை கதை சொல்லுங்கள். செவ்வாய் அதையே பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். புதன் படம் வரையலாம், இல்லாவிட்டால் பாட்டு. வியாழன் நடித்துப் பார்க்கலாம். வெள்ளி சும்மா பேசுகிற நாளாக இருக்கட்டும்.

கதையைச் சொல்வதற்கு முன் மூன்று தடவை வாசியுங்கள். இடம் என்ன, பொருள் என்ன, காசு எவ்வளவு என்று பாருங்கள். நல்ல சமாரியன் கதையில் ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிறான், வழியில் கள்ளர் கையில் அடிபட்டுக் கிடக்கிறான், முன்பின் தெரியாத சமாரியன் ஒருவன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்க்கிறான். எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரம். எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே, 250 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. அப்படியானால் அது மலையிறக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு நான் மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிற வழியைச் சொல்வேன். வளைவுகளும் பாறைகளுமாக, ஆள் ஒளிந்து நிற்க ஏற்ற வழி என்று உடனே புரிந்துகொள்வார்கள். சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு காசு ஒரு நாள் கூலி. “நூறு நாள் வேலைக்குப் போற உங்க ஆச்சி, ரெண்டு நாள் சம்பளத்த முகம் தெரியாத ஆளுக்காகக் கொடுத்துட்டு வந்தா வீட்ல என்ன சொல்வாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அரை மணி நேரம் பேசும்.

கதையைக் கதையாகவே விடுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். நாம் கதை முடிந்ததும் “ஆகவே பிள்ளைகளே, இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்...” என்று ஆரம்பிக்கிறோம். பிள்ளையின் கண் அந்த இடத்தில்தான் ஜன்னலுக்குப் போகும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு தடவை காணாமற்போன ஆடு கதை சொன்னேன். நூறு ஆடு, ஒன்று காணவில்லை, மேய்ப்பன் தேடிப் போகிறான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தாத்தா ஊர் ஊராகக் கிடை போடுகிறவர்.

“டீச்சர், மீதி தொண்ணூத்தொம்பதையும் யாருகிட்ட விட்டுட்டுப் போனாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மத்தேயு எழுதிய நற்செய்தியில் மலைகளிலே விட்டுப் போனதாக இருக்கிறது, லூக்கா எழுதியதில் வனாந்தரத்திலே. காவலுக்கு யார் என்று எங்கேயும் இல்லை. அதையே சொல்லிவிட்டு, “உங்க தாத்தான்னா என்ன செய்வாங்க?” என்று அவனைக் கேட்டேன்.

“பக்கத்துக் கிடைக்காரர்ட்ட, பாத்துக்கிடுங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போவாரு. ஆள் இல்லன்னா நாய் கிடக்கும்லா.”

முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: “ஆடு கிடைச்சதும் தாத்தா அத அடிப்பாங்களா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அடிக்க மாட்டாரு. காலத் தூக்கிப் பாப்பாரு, முள்ளு ஏறியிருக்கான்னு.”

நான் சொல்ல வைத்திருந்த ‘ஆகவே பிள்ளைகளே’வை அன்றைக்கு விழுங்கிவிட்டேன். காலைத் தூக்கிப் பார்க்கிற அந்தத் தாத்தாவைவிட நல்ல விளக்கம் எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கதை முடிந்ததும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். கேள்வி வரும், கட்டாயம் வரும். வராத நாளில், “இதுல உங்களுக்குப் பிடிக்காத ஆள் யாரு?” என்று கேட்டால் போதும்.

எந்த வயதுக்கு எது

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் படைப்பு, காணாமற்போன ஆடு, ஐந்து அப்பமும் இரண்டு மீனும், சிறு பிள்ளைகளை இயேசு அருகில் அழைத்தது ஆகியவை நல்லவை. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு யோசேப்பும் அண்ணன்மாரும், ரூத், தாவீது, கெட்ட குமாரன். கத்தோலிக்கப் பிள்ளைகள் இந்த வயதை ஒட்டிப் புதுநன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு) தயாராவார்கள். அந்தப் பாடத்தைப் பங்கில் சொல்லிக்கொடுக்கிறவர்களோடு பேசி நடத்துங்கள்.

சிலுவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புதிதில் ஒன்றாம் வகுப்புக்கு ஆணி, முள்முடி, இரத்தம் என்று எல்லாவற்றையும் விவரித்தேன். உருக்கமாகச் சொல்வதுதான் பக்தி என்று நினைத்தேன். மறுநாள் ஒரு அம்மா வந்தார். பையன் ராத்திரி முழுவதும் தூங்கவில்லையாம், கையை மடக்கி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே கிடந்தானாம். அன்றிலிருந்து சின்ன வகுப்புகளுக்கு, “இயேசுவைக் கொன்றுவிட்டார்கள், நண்பர்கள் அழுதார்கள், மூன்றாம் நாள் அவர் உயிரோடு வந்தார்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போன கதையையும் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே நான் எடுப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளை அதை அப்பா பக்கத்திலிருந்து கேட்காது, கட்டப்பட்ட பையன் பக்கத்திலிருந்துதான் கேட்கும்.

நரகத்தையும் பேயையும் காட்டிப் பயமுறுத்துவது எந்த வகுப்பிலும் வேண்டாம். பயந்த பிள்ளை அமைதியாக இருக்கும், அது ஒழுக்கம் இல்லை.

மன்னிப்பும் கீழ்ப்படிதலும்: இங்கே கவனம்

பென்சில் காணாமற்போவது, பின்னலை இழுப்பது, “என்னைச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க” என்பது எல்லாம் தினமும் நடக்கும். வேதபாடத்தில் சொன்னதற்கு இவைதான் இடம். பேதுரு ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று கேட்க, இயேசு ஏழெழுபது தரம் என்று சொன்னார். நான்காம் வகுப்பில் இதைக் கணக்கு பீரியடில் பெருக்கிப் பார்த்து 490 என்றார்கள். ஒருத்தி நோட்டில் தன் தம்பிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் கோடு போட ஆரம்பித்தாள். முப்பதைத் தாண்டியதும், “எண்ண முடியல டீச்சர், விட்டுட்டேன்” என்றாள்.

ஆனால் மன்னிப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் கூப்பிட்டு, “ஸாரி சொல்லு, கை குடு” என்று முப்பது விநாடியில் முடித்துவிடுகிறோம். முதலில் அடிபட்ட பிள்ளை சொல்வதை முழுசாகக் கேளுங்கள். தப்பு செய்தவன் அதைச் சரிசெய்ய ஏதாவது செய்யட்டும். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கட்டும், கிழித்த நோட்டை ஒட்டிக் கொடுக்கட்டும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது அதற்காகத்தானே. மனம் ஆறுவதற்கு ஒரு நாள் ஆகும் என்றால் ஆகட்டும்.

‘பெரியவர்களுக்குக் கீழ்ப்படி’ என்ற பாடம் இன்னும் கவனமாக எடுக்க வேண்டியது. அதைச் சொல்கிற அதே வகுப்பில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பெரியவர் ஒருவர் உடம்பைத் தொட்டு வலிக்கவோ கூச்சப்படவோ வைத்தாலும், “யாரிடமும் சொல்லாதே” என்றாலும் கீழ்ப்படிய வேண்டாம். அவர் மாமாவாக இருந்தாலும் சரி, டீச்சராக இருந்தாலும் சரி, சபைப் பெரியவராக இருந்தாலும் சரி. ஓடி வந்து சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கட்டும். ஒரு பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை, தெரிவிக்காமல் இருப்பது குற்றம். தாளாளரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு அது முடிந்துவிடாது. “பள்ளி பேர் கெட்டுப்போகும், மன்னித்துவிடுவோம்” என்று யாராவது சொன்னால் அங்கே உறுதியாக நில்லுங்கள். சிறு பிள்ளைக்கு இடறல் செய்கிறவனைப் பற்றி இயேசு சொன்னதுபோல் கடுமையாக அவர் அதிகம் பேசியதில்லை.

குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். “உன் அப்பாவை மதிக்கிறாயா?” என்று யாரையும் தனியாக எழுப்பிக் கேட்க வேண்டாம்.

தண்ணீர்ப் பானை

யோவான் நான்காம் அதிகாரத்தில், இயேசு மத்தியான வெயிலில் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அவளே ஆச்சரியப்பட்டு, என்னிடமா கேட்கிறீர் என்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிக்கமாட்டார்கள் என்பது ஏழு வயதில் அவர்களுக்குத் தெரியும்.

வருத்தத்தோடு சொல்கிறேன், சபைக்குள்ளும் சாதி இருக்கிறது. கல்லறைத் தோட்டம்வரை அது போகிற ஊர்கள் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறு பள்ளியில் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்தப் பையன்களும் சில வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே என்ற நினைப்பு என்னைவிட்டுப் போவதில்லை.

அதனால் இதைச் சொல்லால் எடுக்காமல் செயலால் எடுங்கள். திங்கட்கிழமைதோறும் உட்காரும் இடத்தை மாற்றுங்கள், சீட்டுக் குலுக்கி. பானையில் தண்ணீர் மொள்ளுகிற வேலை எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும். வகுப்பைப் பெருக்குவது ஒரே பிள்ளைகள் தலையில் விழாமல் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, அந்தப் பந்தியிலும் அப்படியே. பிள்ளை கொண்டுவந்து தருகிற தண்ணீரை நீங்கள் முதலில் குடியுங்கள். கிணற்றடிக் கதையை அதற்கு அடுத்த வாரம் சொன்னால் போதும்.

மற்ற வீட்டுப் பிள்ளைகள்

நெற்றியில் திருநீறு வைத்து வருகிற பிள்ளையை அழிக்கச் சொல்லாதீர்கள். ‘விக்கிரகம்’ என்ற சொல்லை அவர்கள் முன்னால் பழிச்சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் வீட்டில் அது சாமி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சேர ஆசைப்பட்டால் வீட்டில் கேட்டுக்கொண்டு சேருங்கள். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்தி மேய்ப்பனாக நடித்தாள். அவளுடைய வாப்பாதான் தலைப்பாகை கட்டிவிட்டார். குரானிலும் மரியமும் (மரியாள்) ஈசா நபியும் (இயேசு) இருப்பதை அவர் சொல்லி, பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

பாட்டு, படம், தேர்வு

பழைய ஞாயிறு பள்ளிக்காரர்களின் பிளானல் போர்டு இன்றைக்கும் வேலை செய்கிறது. ஒரு அட்டையில் பிளானல் துணி ஒட்டி, படங்களின் பின்னால் உப்புத்தாள் துண்டு ஒட்டினால் துணியில் அப்படியே நிற்கும். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் தென்னங்குருத்தில் சிலுவை மடிக்க ஊர்ப் பெரியவர் யாரையாவது கூப்பிடுங்கள்.

மனப்பாட வசனம் மாதத்துக்கு ஒன்று போதும், சின்னதாக. மனப்பாடத்தை இளக்காரமாக நினைக்கிறவள் இல்லை நான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு) வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய ஜெபங்களை வாய்ப்பாடமாகத்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லும்படி அனுப்பினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 16 பக்கப் புத்தகம், அதுவும் மறைக்கல்விப் பாடம்தான். வாய்க்குள் கிடக்கிற வரி என்றைக்காவது ஒரு நாள் உதவும். ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையை நிற்க வைப்பதுதான் கூடாது.

மதிப்பெண் போடச் சொன்னால் போடுங்கள், ஆனால் அன்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாதபடி கதையறிவுக்கு மட்டும் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்து எல்லோரும் போன பிறகு நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டை விரித்து, பெயர் பெயராக விரலை வைத்துக்கொண்டே வருவேன். இந்த வாரம் இந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினேனா? முப்பது பேரில் எப்படியும் ஒன்றிரண்டு பெயரில் விரல் நின்றுவிடும். சத்தம் போடாத, சேட்டை செய்யாத, முதல் ரேங்கும் வாங்காத பிள்ளையாக இருக்கும். அந்தப் பெயரைத் திங்கட்கிழமைப் பாடக்குறிப்பின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் பீரோவைப் பூட்டுவேன்.